மாட்டுக்கும் மக்காச்சோளம், சந்தைக்கும் மக்காச்சோளம்: தீவனப் பயிர் சாகுபடியும் விதைப்புக் கருவி தேர்வும்

இரண்டு ஏக்கர் நிலம், மூன்று கறவை மாடு. தமிழ்நாட்டில் பல கிராமத்து விவசாயக் குடும்பங்களின் நிலைமை இதுதான். ஒரு பக்கம் மாட்டுக்குப் பசுந்தீவனம் வேண்டும். இன்னொரு பக்கம் கையில் காசு வர மக்காச்சோளம் போட வேண்டும். மக்காச்சோளத்துக்கே நிலம் முழுவதையும் கொடுத்துவிட்டால் கோடையில் வைக்கோலும் தவிடும் விலைக்கு வாங்கி, பால் பணம் முழுவதும் அதற்கே போய்விடுகிறது. புல்லுக்கே கொடுத்துவிட்டால் வருடத்தில் ஒருமுறை கையில் சேரும் மொத்தப் பணம் இல்லாமல் போகிறது.

இதோடு இப்போது மூன்றாவது கேள்வியும் சேர்ந்திருக்கிறது. விதை ஊன்ற ஆள் கிடைப்பதில்லை. ஆகவே டிராக்டர் விதைப்புக் கருவி வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, எந்தக் கருவி நல்லது என்று பலரும் கேட்கிறார்கள். உரம் குறைந்தால் அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம், தண்ணீர் தாமதமானால் மறுநாள் பாய்ச்சலாம். விதைப்பில் விட்ட இடைவெளியை மட்டும் அறுவடை வரை சரி செய்ய முடியாது. எனவே பயிரையும் கருவியையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில் தீவனக் கணக்கு

எந்தப் பயிர் போடலாம் என்று யோசிக்கும் முன் எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள். ஒரு கலப்பினக் கறவை மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு சுமார் 25 கிலோ பசுந்தீவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் மூன்றில் இரண்டு பங்கு புல் வகையும் தானிய வகையும், ஒரு பங்கு பயறு வகையும் இருக்க வேண்டும். இது போக வைக்கோல், சோளத்தட்டை போன்ற உலர் தீவனம் 4 முதல் 5 கிலோ தேவை.

மூன்று மாட்டுக்கு நாளைக்கு 75 கிலோ. வருடத்துக்கு சுமார் 27 டன். அதில் 18 டன் புல், 9 டன் பயறு வகைத் தீவனம்.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஏக்கருக்கு வருடம் 140 டன் வரை தரும் என்று சொல்வார்கள். அது முழுப் பாசனமும் முழு உரமும் கொடுத்த நிலத்தின் கணக்கு. நம் கிணற்றுத் தண்ணீரை நம்பி 60 டன் என்றே எடுத்துக்கொள்வோம். அப்படியானால் 18 டன்னுக்கு 30 சென்ட் போதும். வேலிமசால் ஏக்கருக்கு 25 டன் என்று வைத்தால் 9 டன்னுக்கு 36 சென்ட். மொத்தம் 65 முதல் 70 சென்ட். மீதி ஒன்றே கால் ஏக்கருக்கு மேல் மக்காச்சோளத்துக்குக் கிடைக்கிறது. உங்கள் மாட்டு எண்ணிக்கையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நிரந்தரத் தீவனம்: கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்

தண்ணீர் உள்ள இடத்துக்கு இதைவிட நல்ல புல் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4, கோ 5 ரகங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஏக்கருக்கு 10 டன் தொழு உரம் போட்டு உழுது, 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடித்து, 50 செ.மீ.க்கு ஒரு கரணை நடவும். கரணையில் இரண்டு கணு இருக்க வேண்டும். ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலும் இருக்கும்படி ஊன்றவும். சென்ட்டுக்கு சுமார் 135 கரணை பிடிக்கும். 30 சென்ட்டுக்கு 4,000 கரணை வாங்கினால் போதும்.

அடியுரமாக ஏக்கருக்கு தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல்சத்து 16 கிலோ. முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஏக்கருக்கு 65 கிலோ யூரியா மேலுரமாகக் கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சவும். இதைத் தவறவிட்டால் மூன்றாவது அறுப்பிலிருந்தே தூர் மெலியும்.

வீட்டுக் கழிவுநீர், மாட்டுக் கொட்டகை கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் இந்தப் புல்லை வைப்பது நல்லது. மொத்தப் புல்லையும் ஒரே நாளில் அறுக்காமல், 30 சென்ட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தினமும் தேவையானதை மட்டும் அறுத்தால் வருடம் முழுவதும் சம வயதுப் புல் கிடைக்கும். இந்தப் புல்லை மட்டுமே தனியாகத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம். இதில் உள்ள ஆக்சலேட் மாட்டின் உடலில் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பயறு வகைத் தீவனமும் தாது உப்புக் கலவையும் சேர்த்துக் கொடுக்கவும்.

பயறு வகை: வேலிமசால், தட்டைப்பயறு

வேலிமசால் ஒருமுறை விதைத்தால் சில வருடங்கள் நிற்கும். ஏக்கருக்கு 8 கிலோ விதை. விதையின் தோல் கெட்டியானது. அப்படியே விதைத்தால் பாதிகூட முளைக்காது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு, அதில் விதையை ஐந்து நிமிடம் போட்டு எடுக்கவும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, 50 செ.மீ. வரிசையில் தொடர்ச்சியாகத் தூவி மெல்ல மண் மூடவும். முதல் அறுப்பு 90 நாளில், அரை மீட்டர் உயரம் விட்டு அறுக்கவும். அடுத்தடுத்த அறுப்பு 40 நாளுக்கு ஒருமுறை.

தண்ணீர் குறைவாக உள்ளவர்கள் தீவனத் தட்டைப்பயறு போடலாம். ஏக்கருக்கு 10 கிலோ விதை. பூக்கும் தருணத்தில், 50 முதல் 55 நாளில் அறுத்துவிடலாம். அடுத்த பயிருக்கு மண்ணிலும் தழைச்சத்து சேரும். எந்தப் பயறு வகைத் தீவனத்தையும் பனி ஈரத்தோடு பசித்த மாட்டுக்குப் போடக் கூடாது. வயிறு உப்பும். கொஞ்சம் வாடவிட்டு, வைக்கோலுடன் கலந்து கொடுக்கவும்.

தீவனச் சோளமா, தீவன மக்காச்சோளமா?

இந்த இரண்டையும் ஒன்றுபோல நினைத்துவிடக் கூடாது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

தீவனச் சோளத்தில் கோ.எஃப்.எஸ். 29 பலமுறை அறுக்கும் ரகம். ஏக்கருக்கு 5 கிலோ விதை, 30 செ.மீ. வரிசை. முதல் அறுப்பு 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒருமுறை. வறட்சியைத் தாங்கும். ஆனால் இளம் சோளத்தில் நச்சு உண்டு. 45 நாளுக்கு உட்பட்ட பயிர், மழையில்லாமல் வாடிய பயிர், அறுத்த பின் புதிதாகத் துளிர்த்த பயிர் மூன்றிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் அதிகமாக இருக்கும். கோடையில் வாடி நின்ற சோளக் கொல்லையில் மாடு புகுந்து மேய்ந்தால் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி, வாயில் நுரை தள்ளி விழுந்துவிடும். இந்த அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். மருந்து உண்டு, ஆனால் நேரம் மிகக் குறைவு. பூக்கும் தருணத்தில் அறுத்து, சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் பயமில்லை. தறிகட்டு இல்லாத மாடுகள் உள்ள ஊரில் சோளக் கொல்லைக்கு வேலி முக்கியம்.

தீவன மக்காச்சோளத்தில் இந்த நச்சு கிடையாது. எந்த வயதிலும் கொடுக்கலாம் என்றாலும், கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்தால்தான் எடையும் சத்தும் கிடைக்கும். ஆப்பிரிக்க நெட்டை என்ற ரகம் இதற்கு ஏற்றது. ஏக்கருக்கு 16 கிலோ விதை, வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. உரம் ஏக்கருக்கு தழைச்சத்து 24, மணிச்சத்து 16, சாம்பல்சத்து 8 கிலோ. ஏக்கருக்கு 16 முதல் 20 டன் பசுந்தீவனம் கிடைக்கும். ஒருமுறை அறுத்தால் மறுதாம்பு வராது. ஆகவே 15 நாள் இடைவெளியில் சிறு சிறு துண்டாக விதைத்து வந்தால் தொடர்ந்து அறுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. யூரியாவை அதிகம் போட்டு, உடனே தண்ணீர் இல்லாமல் வாடிய மக்காச்சோளத்தில் நைட்ரேட் சேர்ந்துவிடும். அதுவும் மாட்டுக்கு ஆபத்து. யூரியா போட்ட இரண்டு வாரத்துக்குள் அறுக்க வேண்டாம்.

மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு என்று கலந்து விதைத்தால், புல்லும் பயறும் ஒரே கட்டாகக் கிடைக்கும். ஏக்கருக்கு மக்காச்சோளம் 12 கிலோ, தட்டைப்பயறு இரண்டரை கிலோ போதும். இப்படிக் கலந்து விதைத்த கொல்லையில் அட்ரசின் களைக்கொல்லி அடிக்கக் கூடாது. தட்டைப்பயறு முழுவதும் கருகிவிடும். பெண்டிமெத்தலின் மட்டுமே, அதுவும் விதைத்த மூன்று நாளுக்குள் அடிக்க வேண்டும்.

தானிய மக்காச்சோளம்: கவனிக்க வேண்டியவை

தீவன மக்காச்சோளத்தை நெருக்கி விதைக்கிறோம். தானியத்துக்கு விரித்து விதைக்க வேண்டும். வீரிய ஒட்டு ரகத்துக்கு வரிசை இடைவெளி 60 செ.மீ., செடி இடைவெளி 25 செ.மீ. ஏக்கருக்கு சுமார் 27,000 செடி வரும். விதை 8 கிலோ. ஆழம் 4 செ.மீ. பாசனத்தில் ஆடி, தை, மாசிப் பட்டங்களும், பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்கு புரட்டாசிப் பட்டமும் ஏற்றவை.

கடையில் வாங்கும் ஒட்டு விதை பெரும்பாலும் பூச்சி மருந்தும் பூஞ்சணக் கொல்லியும் கலந்து, சாயம் ஏற்றித்தான் வரும். மீந்த விதையைக் கோழிக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். பையில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று படித்துப் பார்த்து, அதே மருந்தைத் திரும்பவும் கலக்காதீர்கள். விதைப் பையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். முளைப்பில் குறை இருந்தால் புகார் கொடுக்க அவைதான் ஆதாரம்.

பாசன ஒட்டு ரகத்துக்கு ஏக்கருக்கு தழைச்சத்து 100, மணிச்சத்து 30, சாம்பல்சத்து 30 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. மூட்டைக் கணக்கில் இப்படி வரும்:

- அடியுரம்: டி.ஏ.பி. 65 கிலோ, யூரியா 29 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ
- 25-ம் நாள்: யூரியா 109 கிலோ
- 45-ம் நாள்: யூரியா 54 கிலோ

மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையில் உள்ளபடி மாற்றிக்கொள்ளவும். மானாவாரிக்கு இவ்வளவு வேண்டாம். மழை பார்த்துக் குறைத்துப் போடவும். இளம் செடியின் குருத்து வெளுத்துப் போனால் துத்தநாகக் குறைபாடு. அப்படிப்பட்ட நிலத்தில் துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தனியாகத் தூவவும். டி.ஏ.பி.யுடன் சேர்த்துக் கலந்தால் இரண்டுமே பயிருக்குப் போகாது.

முளைத்த முதல் இரண்டு வாரத்தில் தண்ணீர் தேங்கினால் மக்காச்சோளம் மஞ்சளாகி நின்றுவிடும். கரிசலில் வடிகால் எடுத்து வைக்கவும். பூ எடுத்து, கதிரில் பட்டு நூல் வரும் நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிரில் மணி பிடிக்காது. கிணற்றில் தண்ணீர் குறைவு என்றால் மற்ற நேரத்தில் ஒரு தண்ணீரைக் குறைத்தாவது இந்த நேரத்துக்குச் சேமித்து வைக்கவும்.

படைப்புழு: விதைப்பிலேயே தொடங்கும் பாதுகாப்பு

2018-ல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்ட அமெரிக்கன் படைப்புழு அதே வருடம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. அதன் பிறகு அதை எதிர்பார்க்காமல் மக்காச்சோளம் போட முடியாது. செய்ய வேண்டியவை:

- கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடவும். மண்ணில் உள்ள கூட்டுப்புழு குறையும்.
- ஒரே பகுதியில் உள்ளவர்கள் ஒரே சமயத்தில் விதைக்கவும். முன்னும் பின்னுமாக விதைத்தால் புழு ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.
- வரப்பு ஓரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைக்கவும்.
- பத்து வரிசைக்கு ஒருமுறை 75 செ.மீ. இடைவெளி விடவும். மருந்து அடிக்க உள்ளே போக இது உதவும். விதைப்புக் கருவியை ஓட்டுபவரிடம் முன்கூட்டியே சொன்னால்தான் இந்த வழி கிடைக்கும்.
- ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும்.
- முளைத்த பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை, ஐந்து இடத்தில் 20 செடி வீதம் 100 செடிகளைப் பார்க்கவும். முட்டைக் குவியல் இருந்தால் கையால் நசுக்கவும். 

இளம் செடியில் வேப்ப மருந்து அசாடிராக்டின் 1500 பி.பி.எம். லிட்டருக்கு 5 மில்லி அடிக்கலாம். தாக்குதல் 10 செடிக்கு மேல் போனால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம், அல்லது ஸ்பைனெடோரம் 11.7 எஸ்.சி. லிட்டருக்கு 0.5 மில்லி. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் மாற்றி அடிக்கவும். புழு குருத்துக்குள்தான் இருக்கும். ஆகவே காலையிலோ மாலையிலோ, கைத்தெளிப்பானின் முனையைக் குருத்துக்கு நேராக வைத்து அடிக்க வேண்டும்.

மாட்டுக்கு அறுக்கும் மக்காச்சோளத்தில் இந்த இரசாயன மருந்துகள் வேண்டாம். வேப்ப மருந்தும் மெட்டாரைசியம் என்ற நன்மை செய்யும் பூஞ்சணமும் போதும். புழு அதிகமானால் சீக்கிரமே அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். தானியக் கொல்லையிலிருந்து பச்சைத் தழை ஒடித்துப் போடும் பழக்கம் உள்ளவர்கள், மருந்து அடித்த தேதியை எழுதி வைத்து, டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடிந்த பிறகே ஒடிக்கவும். அந்த மருந்து பாலில் வரும், அந்தப் பாலைத்தான் நம் வீட்டுக் குழந்தையும் குடிக்கிறது.

எந்த விதைப்புக் கருவி எதற்கு?

கை ஊன்றல்: அரை ஏக்கருக்குள் என்றால் இதுவே சரி. கயிறு கட்டி, அளவுக் குச்சி வைத்து ஊன்றினால் எந்த இயந்திரத்துக்கும் குறையாத பயிர் எண்ணிக்கை கிடைக்கும்.

கையால் தள்ளும் விதைப்பான்: சக்கரம் உருள உருள விதையைக் குத்திப் போடும் சிறு கருவி. அரை ஏக்கர் முதல் இரண்டு ஏக்கர் வரை ஏற்றது. பொலபொலப்பான செம்மண்ணில் நன்றாக ஓடும். ஈரக் கரிசலில் பற்களில் மண் அடைத்துக்கொள்ளும்.

கொத்துக் கலப்பை விதைப்பான்: டிராக்டர் கலப்பையின் மேல் விதைப் பெட்டி வைத்து, பள்ளம் உள்ள உருளை மூலம் விதையைத் தொடர்ச்சியாக இறக்கும். தீவனச் சோளம், தட்டைப்பயறு போன்றவற்றுக்கு இது போதும். விதைக்கு விதை இடைவெளி இதில் சீராக வராது. ஆகவே விலை உயர்ந்த ஒட்டு மக்காச்சோள விதையை இதில் போடாதீர்கள்.

சாய்வுத் தட்டு விதைப்பான்: தானிய மக்காச்சோளத்துக்கு நம் ஊரில் பெரும்பாலும் ஓடுவது இதுதான். விதைப் பெட்டிக்குள் சாய்ந்த தட்டு சுற்றும். தட்டின் விளிம்பில் உள்ள குழி ஒவ்வொன்றும் ஒரு விதையை எடுத்து மேலே கொண்டுவந்து குழாயில் போடும். உரப் பெட்டியும் சேர்ந்தே வரும். 35 குதிரைத்திறன் டிராக்டர் இழுக்கும். தட்டை மாற்றினால் நிலக்கடலை, உளுந்து, சூரியகாந்தி என்று பல பயிருக்கும் பயன்படும்.

காற்று உறிஞ்சும் விதைப்பான்: விசிறி உண்டாக்கும் உறிஞ்சு விசையில் விதை தட்டின் ஓட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். விதையின் வடிவம் உருண்டையோ தட்டையோ, ஒன்றுக்கு ஒன்று சரியாக விழும். வேகமாகவும் ஓட்டலாம். ஆனால் விலை பல மடங்கு, டிராக்டரும் 45 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். பழுது பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். தனி விவசாயிக்கு இது தேவையில்லை. பல நூறு ஏக்கர் விதைத்துக் கொடுக்கும் குழுவுக்கோ வாடகைத் தொழில் செய்பவருக்கோ கட்டுபடியாகும்.

கருவி சரியாக விதைக்கிறதா? நீங்களே சோதிக்கலாம்

சாய்வுத் தட்டு விதைப்பானில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் நான்கு. விதை அளவுக்குப் பொருந்தாத தட்டு போடுவது, அதிக வேகம், தேய்ந்த சங்கிலியும் கொழுவும், உரம் கட்டி குழாய் அடைப்பது. இதில் கடைசியானதுதான் மோசம். நான்கு குழாயில் ஒன்று அடைத்துக்கொண்டால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஏழெட்டு நாள் கழித்து முளைப்பு பார்க்கும்போதுதான் வரிசை வரிசையாகக் காலியாக இருப்பது தெரியும். அப்போது ஊன்றும் விதை முந்தைய செடியின் நிழலில் சோடையாகவே நிற்கும்.

வயலில் இறக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கருவியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு பை கட்டுங்கள். தரைச் சக்கரத்தின் குறுக்களவு 40 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு சுமார் 1 மீட்டர் 26 செ.மீ. சக்கரத்தைக் கையால் 20 முறை சுற்றினால் 25 மீட்டர் ஓடியதற்குச் சமம். 25 செ.மீ.க்கு ஒரு விதை என்றால் ஒவ்வொரு பையிலும் 100 விதை இருக்க வேண்டும். 80 இருந்தால் ஏக்கருக்கு 5,000 செடிக்கு மேல் குறையும். 125 இருந்தால் விதைக் காசு வீண். விதை உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்த விதை முளைக்காது.

வயலில் இறங்கியதும் முதல் 10 மீட்டர் ஓடியவுடன் நிறுத்தச் சொல்லி, மண்ணைக் கிளறிப் பாருங்கள். ஒரு வரிசையில் சுமார் 40 விதை, 4 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். உரம் விதையைத் தொடாமல் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி விழ வேண்டும். யூரியாவும் விதையும் ஒன்றாக விழுந்தால் முளை கருகும். பிறகு ஒவ்வொரு வளைவிலும் எல்லாக் குழாயும் இறங்குகிறதா என்று ஒரு ஆள் பின்னால் நடந்து பார்க்கட்டும்.

வேகம் மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டர், அதாவது ஆள் நிதானமாக நடக்கும் வேகம். மணிக் கணக்கில் வாடகை பேசினால் நாம் அவசரப்படுத்துவோம். ஏக்கர் கணக்கில் பேசினால் ஓட்டுபவர் அவசரப்படுவார். எப்படிப் பேசினாலும் வேகத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். நான்கு வரிசைக் கருவி இந்த வேகத்தில், திருப்பமும் விதை நிரப்பும் நேரமும் போக, மணிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கர் விதைக்கும்.

கருவியைவிட முக்கியம் உழவு. கட்டி நிறைந்த நிலத்தில் சக்கரம் துள்ளும், தட்டு நிற்கும், விதை விடுபடும். கொக்கிக் கலப்பை ஓட்டி, ரோட்டவேட்டர் ஒருமுறை விட்டு, சமன் செய்த பிறகே விதைப்பானை இறக்குங்கள்.

வாங்குவதா, வாடகையா?

மானியம் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் கருவி வாங்கி, கொட்டகையில் துருப்பிடிக்க விட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முதலில் கணக்குப் போடுங்கள். கீழே உள்ளவை உதாரணத்துக்கான எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானியம் போக உங்கள் கையிலிருந்து 40,000 ரூபாய், கருவி 8 வருடம் உழைக்கும் என்றால் வருடத் தேய்மானம் 5,000. வட்டி, பழுது, உதிரிபாகம் இன்னொரு 5,000. ஆக ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடம் 10,000 ரூபாய் செலவு. வாடகைக்கு விட்டால் ஏக்கருக்கு 1,500, சொந்த டிராக்டரில் ஓட்டினால் டீசலும் ஆள் கூலியும் 700 என்றால் ஏக்கருக்கு 800 ரூபாய் மிச்சம். 10,000-ஐ 800-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. வருடத்துக்கு 13 ஏக்கராவது விதைத்தால்தான் வாங்கியது லாபம். சொந்த டிராக்டர் இல்லாதவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அவர் வாடகைக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம் இந்தக் கணக்கில் வராது. மானாவாரியில் மழை பெய்து நிலம் பதமாக இருப்பது மூன்று நான்கு நாள்தான். அந்த நாளில் வாடகைக் கருவிக்கு ஊரே காத்திருக்கும். ஆகவே ஐந்தாறு பேர் சேர்ந்து உழவர் குழுவாக ஒரு கருவி வாங்குவது பல இடங்களில் நல்ல வழி. யாருக்கு எந்த நாள், பழுதுச் செலவு யார், வெளியாருக்கு விட்டால் வாடகைப் பணம் எப்படிப் பிரிப்பது என்பதை வாங்கும் முன்பே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் உறவுகளே முறிந்ததுண்டு.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்களுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. வட்டாரத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் அந்த வருட நிதி நிலவரத்தைக் கேட்டு, முன் அனுமதி பெற்ற பிறகே கருவியை வாங்கவும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லைக் கொண்டுபோனால் மானியம் கிடைக்காது. துறையின் வாடகை இயந்திரங்களுக்கும் அங்கேயே விசாரிக்கலாம். உழவன் செயலியிலும் விவரம் உண்டு.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை:

- மக்காச்சோளத்துக்கு எத்தனை அளவில் தட்டு தருகிறீர்கள்? தனியாக வாங்கினால் விலை என்ன?
- வரிசை இடைவெளியை 30 செ.மீ.க்கும் 60 செ.மீ.க்கும் மாற்ற முடியுமா? தீவனமும் தானியமும் போடுபவருக்கு இது மிக அவசியம்.
- கொழு, சங்கிலி, குழாய் பக்கத்து ஊரில் கிடைக்குமா?
- என் டிராக்டரில் மாட்டி, என் வயலில் அரை ஏக்கர் ஓட்டிக் காட்டுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு முடியாது என்று சொல்பவரிடம் வாங்க வேண்டாம்.

அறுவடைக்குப் பிறகு

கதிரின் மேலுறை காய்ந்து, மணியின் அடியில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஈரம் 12 முதல் 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகே மூட்டை பிடிக்கவும். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கதிரை விற்க முடியாவிட்டாலும் மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். அதில் உள்ள அஃப்ளாடாக்சின் நச்சு கோழியைக் கொல்லும், பாலிலும் இறங்கும்.

கதிர் ஒடித்த தட்டையைக் கொல்லையிலேயே எரிக்க வேண்டாம். நறுக்கிக் கொடுத்தால் மாடு கழிக்காமல் தின்னும். நறுக்கும் இயந்திரத்தில் தட்டு செருகும் இடத்தில் மூடியும் காப்பும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புடவைத் தலைப்பும் தொங்கும் துண்டும் அதன் பக்கத்தில் ஆபத்து.

ஒரு பட்டத்தில் தீவனம் மிஞ்சினால் ஊறுகாய்ப் புல்லாகச் சேமிக்கலாம். மணி பால் கெட்டியாகும் பருவத்தில் அறுத்து, 2 முதல் 3 செ.மீ. துண்டாக நறுக்கி, கெட்டியான பாலித்தீன் பையிலோ குழியிலோ அடுக்கடுக்காக மிதித்து, காற்றுப் புகாமல் கட்டவும். 45 நாளில் தயாராகும். திறக்கும்போது புளிப்பு வாசனையும் பொன் கலந்த பச்சை நிறமும் இருக்க வேண்டும். கறுத்து, அழுகல் நாற்றம் அடித்தால் மாட்டுக்குப் போடாமல் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.

முதல் வருடமே எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பட்டத்தில் 10 சென்ட் ஒட்டுப்புல், வரப்பு ஓரம் வேலிமசால், மீதியில் மக்காச்சோளம் என்று தொடங்குங்கள். விதைப்புக் கருவியை வாடகைக்கு எடுத்து, 20 சுற்றுச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். பத்தாம் நாள் வயலில் 10 மீட்டர் கயிறு போட்டு முளைத்த செடியை எண்ணி நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் கருவி வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு அந்த நோட்டிலேயே பதில் இருக்கும்.